தொட்டிக்குள் ஒரு மூணு புள்ளி தாதா!

ஆள் சைஸ் ஒரு ரூபாய் நாணயம் அளவுதான். உடம்பு முழுக்கக் கறுப்பு. நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு, முதுகோரம் பக்கத்துக்கு ஒண்ணா இன்னும் ரெண்டு பொட்டு. பார்த்தா யாருக்கும் கன்னத்தைக் கிள்ளத் தோணும்.

நானும் அந்த முகத்தைப் பார்த்துதான் ஏமாந்தேன் பாஸ்!

காலேஜ் ரெண்டாவது வருஷம். வீட்டில் உப்புத்தண்ணி மீன் வளர்க்கணும்னு ஒரு வெறி. சென்னையில் வண்ண மீன்னாலே கொளத்தூர்தான். அந்தப் பக்கம் நாலு ஞாயிற்றுக்கிழமை சுத்தி, கடைசியில் ஒரு கடையில் ரெண்டடி நீளம், ஒரு அடி அகலம், ஒண்ணேகால் அடி உயரத்தில் ஒரு தொட்டி வாங்கினேன். சுமார் 70 லிட்டர். "முதல்ல இதை விடு தம்பி. கெட்டி மீன், லேசுல சாகாது. தண்ணி செட் ஆனதும் மத்ததை வாங்கிக்கலாம்"னு கடைக்காரர் கையில் கொடுத்ததுதான் இந்த மூணு புள்ளி மீன். பேர், டோமினோ டாம்செல்.

அவர் சொன்ன மாதிரியே அது சாகலை. அஞ்சு வாரம் தனி ஆளா ராஜபோகமா இருந்தது. நான் ரெண்டு மாச பாக்கெட் மணியைச் சேர்த்து, ஆரஞ்சும் வெள்ளையுமா ஒரு கோமாளி மீன் வாங்கி வந்தேன். ஒரு சாயங்காலம், ஃப்ரெண்ட்ஸ் நாலு பேர் வேடிக்கை பார்க்க, அதைத் தொட்டியில் விட்டேன்.

பத்தே நிமிஷம். டோமினோ கல்லுக்குப் பின்னாலிருந்து அம்பு மாதிரி வந்தது. ஒரு இடி. திரும்பி வந்து வாலில் ஒரு கடி. கோமாளி அந்த மூலைக்கு ஓடினா அங்கே ஒரு கடி, இந்த மூலைக்கு வந்தா இங்கே ஒரு கடி. முதலில் சிரிச்சோம். "செம ரவுடிடா உன் மீன்!"னு ஒருத்தன் விசில்கூட அடிச்சான். "பழகிடும்"னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன். மறுநாள் அம்மாதான் முதலில் சொன்னாங்க: "ஏன்டா, அந்தப் புது மீன் குழாய்க்குப் பின்னாடியே நிக்குது, சோறுகூடத் திங்க வரலையே!"

மூணாம் நாள் காலையில் ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் கோமாளி செத்துக் கிடந்தது. துடுப்பெல்லாம் கிழிஞ்சு நூல் நூலா இருந்தது. டோமினோ எதுவும் நடக்காத மாதிரி சாப்பாடு கேட்டு மேலே வந்தது.

அன்னிக்கு அதை "கொலைகாரன்"னு திட்டினேன். தப்பு யாரோடதுன்னு புரிய எனக்கு எட்டு மாசம் ஆச்சு.

யார் இந்த டோமினோ?

இங்கிலீஷில் 'டாம்செல்'னா இளம்பெண். பேர் வச்சவர் இதுகிட்ட கடி வாங்கினதில்லை போல! டாம்செல் குடும்பத்தில் 400-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கு. நமக்கெல்லாம் செல்லமான கோமாளி மீனும் இதே குடும்பம்தான். அதாவது, என் தொட்டியில் நடந்தது பங்காளிச் சண்டை!

டோமினோவோட ஊர் பெரிசு. செங்கடல், கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து இந்தியப் பெருங்கடல் வழியா பசிபிக் வரைக்கும் பவளப்பாறைப் பக்கம் வாழுது. குட்டியா இருக்கும்போது அனிமோனுக்குள் ஒளிஞ்சு வளரும். அனிமோன்னா, நம்ம ஸ்கூல் ஜுவாலஜி புத்தகத்தில் 'கடல் சாமந்தி'ன்னு படிச்சோமே, அதேதான். கடலில் ஒரே அனிமோனில் கோமாளி மீனும் டோமினோ குட்டிகளும் சேர்ந்து இருக்கறதுண்டு. ஆனா அங்கே கோமாளிதான் ஹவுஸ் ஓனர். டோமினோ சும்மா ஒண்டுக்குடித்தனம். என் தொட்டியில் முதலில் குடிவந்தது டோமினோ. அதனால் கதை உல்டா ஆயிடுச்சு.

இன்னொரு விஷயம். கடையில் பார்க்கிற அந்த ஒரு ரூபாய் சைஸ், குழந்தைப் பருவம். முழுசா வளர்ந்தா 14 சென்டிமீட்டர் வரை போகும். வளர வளர அந்த அழகான வெள்ளைப் புள்ளிகள் மங்கிடும். அழகு குறையும், கோபம் கூடும்! இதைக் கடையில் யாரும் சொல்றதில்லை.

அப்படி என்ன கோபம்?

பவளப்பாறைன்றது கடலோட தி.நகர். இடம் கொஞ்சம், கூட்டம் அதிகம். ஒரு பொந்து, ஒரு அனிமோன், ஒரு பாறை இடுக்கு கிடைச்சா அதுதான் வீடு, அதுதான் சாப்பாட்டுக் கடை, அதுதான் பிரசவ ஆஸ்பத்திரி. அதை விட்டா அடுத்த நிமிஷம் பெரிய மீன் வாயில்! அதனால்தான் விரல் நீள டாம்செல்கூட தன்னைவிடப் பத்து மடங்கு பெரிய மீனை எதிர்த்துப் பாயுது. தொட்டியைச் சுத்தம் செய்யக் கையை விட்டா, கையையும் கடிக்கும். எனக்கு அனுபவம் உண்டு.

இதை ஆராய்ச்சியாவே செஞ்சவர் ஆஸ்திரிய விஞ்ஞானி கொன்ராட் லோரன்ஸ். விலங்குகளோட நடத்தையை ஆராய்ந்ததுக்காக 1973-ல் ரெண்டு பேரோட சேர்ந்து நோபல் பரிசு வாங்கினவர். சண்டை குணத்தைப் பத்தி 1963-ல் அவர் எழுதின புத்தகமே பவளப்பாறை மீன்களில் இருந்துதான் ஆரம்பிக்குது. தொட்டியில் மீன்களை விட்டுப் பார்த்தப்ப அவர் கவனிச்சது: மீன்கள் அதிகமா கடிக்கிறது வேத்து இனத்தை இல்லை, சொந்த இனத்தைத்தான். யோசிச்சா நியாயம்தான். அதே சாப்பாடு, அதே பொந்து, அதே பொண்ணு! போட்டிக்கு வர்றது தன்னை மாதிரியே இருக்கிறவன்தானே?

டாம்செல்களில் சில இனங்கள் விவசாயமே பண்ணுது, நம்புவீங்களா? பாறையில் தனக்குப் பிடிச்ச பாசியை வளர்த்து, வேண்டாத பாசியைக் களை எடுத்து, மேய வர்ற மீன்களை விரட்டும். மத்திய அமெரிக்காவில் பெலீஸ் நாட்டுக் கடலில் செஞ்ச ஆராய்ச்சி ஒண்ணு 2020-ல் வெளிவந்தது. அங்கே 'லாங்ஃபின்' என்கிற டாம்செல், இறால் மாதிரி இருக்கிற மைசிட் என்ற குட்டி உயிரினக் கூட்டத்தைத் தன் தோட்டத்துக்குள்ளேயே வச்சுப் பாதுகாக்குது. பதிலுக்கு அதோட கழிவு பாசிக்கு உரம். நாம ஆடு மாடு வளர்க்கிற கதைதான்! அறுவடைக்கு நிக்கிற வயலில் அடுத்தவன் மாடு இறங்கினா நம்ம ஊர் பெரிசு சும்மா இருப்பாரா?

பிள்ளைப் பாசமும் இதில் சேர்த்தி. டாம்செல் குடும்பத்தில் முட்டையைக் காவல் காக்கிறது பெரும்பாலும் அப்பாதான். பாறையைச் சுத்தம் செஞ்சு, முட்டைக்கு வாலால் விசிறி, கிட்ட வர்றவனை விரட்டி... நாம 'தாதா'ன்னு கூப்பிடறோம். அதோட வீட்டில் கேட்டா, தாயுமானவர்னு சொல்வாங்க!

கொலை செய்தது யார்?

இப்ப அந்த எட்டு மாசக் கேள்விக்கு வருவோம்.

கடலில் ஒரு டோமினோ இன்னொரு மீனை விரட்டினா என்ன ஆகும்? வந்த மீன் நாலடி, அஞ்சடி ஓடும். எல்லை தாண்டியதும் டோமினோ திரும்பிடும். அதுக்கு வேண்டியது 'வெளியே போ', அவ்வளவுதான். ஓடின மீனும் பிழைச்சது, விரட்டின மீனும் நிம்மதி. சண்டை முடிஞ்சது.

என் தொட்டியோட மொத்த நீளமே ரெண்டடி. கோமாளி எல்லை தாண்டி ஓட நினைச்சப்ப அங்கே கண்ணாடி இருந்தது. அது போகலையேன்னு டோமினோ மறுபடி விரட்டியது. மறுபடி கண்ணாடி. கடலில் ஒரு நிமிஷத்தில் முடியற விரட்டல், தொட்டியில் மூணு நாள் ஓடியது. டோமினோ செஞ்சது, பல லட்சம் வருஷமா அதன் இனம் செய்யற காவல் வேலை. அந்தக் கண்ணாடியை நட்டுவச்சது நான். முரட்டு மீனை முதலில் விட்டு, முழு வீட்டையும் அது பேருக்குப் பட்டா போட்டுக் கொடுத்ததும் நான்தான்.

கோமாளி வீட்டில் மீனாட்சி ராஜ்யம்

"அப்ப கோமாளி மீன் அப்பாவியா?"ன்னு கேட்டா, அதுவும் இல்லை. அதுவும் தன் வீட்டுக்கு தாதாதான். சொல்லப்போனா, தாதி!

கோமாளி மீன் எல்லாமே முதலில் ஆணாத்தான் முதிரும். ஒரு அனிமோன் வீட்டில் இருக்கிறதிலேயே பெரிசு எதுவோ அதுதான் பெண், அதுதான் தலைவி. அடுத்த சைஸ் அதோட கணவர். மத்ததெல்லாம் வரிசையில் நிக்கிற பொடியன்கள். தலைவி செத்துட்டா, கணவர் பெண்ணா மாறித் தலைவி ஆயிடுவார். பொடியன்களில் பெரியவனுக்கு மாப்பிள்ளை பதவி. நம்ம ஊரில் "உங்க வீட்டில் மதுரை ஆட்சியா, சிதம்பரம் ஆட்சியா?"ன்னு கேட்பாங்களே, கோமாளி வீட்டில் சந்தேகமே இல்லை, மீன்-ஆட்சிதான்! 2003-ல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' படத்தில் அம்மா செத்ததும் அப்பா மீன் பிள்ளையைத் தேடிப் போகுமே... நிஜத்தில் அந்த அப்பா, அம்மாவா மாறியிருக்கணும்!

அந்தப் பொடியன்கள் செய்யறதுதான் இன்னும் ஆச்சரியம். பாப்புவா நியூ கினி கடலில் செஞ்சு 2003-ல் வெளியான ஆராய்ச்சியில், சின்ன மீன்கள் தங்களோட வளர்ச்சியையே அடக்கிக்கிறது தெரிய வந்தது. மேலே இருக்கிறவர் சைஸுக்குப் பக்கத்தில் வளர்ந்தா வீட்டை விட்டு விரட்டிடுவாங்க. அதனால் 'நான் சின்னவன் சாமி'ன்னு காட்டிக்கிட்டே காத்திருக்குது. ஃபர்ஸ்ட் இயர் பசங்களுக்கு இது நல்லாவே புரியும்!

சண்டையைத் தடுக்க...

செத்த மீன் சொல்லித் தந்த பாடமும், பழைய கைகள் சொன்னதும் சேர்த்து இதோ:

1. சாதுவை முதலில், ரவுடியைக் கடைசியில் விடுங்க. முதலில் வந்தவன் எப்பவும் முழுத் தொட்டியும் தன்னுதுன்னு நினைப்பான். கடைசியா வர்ற ரவுடி கொஞ்சம் அடக்கி வாசிப்பான்.

2. புது மீன் விடறதுக்கு முன்னால் கல்லையெல்லாம் இடம் மாத்தி வைங்க. பழைய வீடு, பழைய தெரு எல்லாம் காணாம போனா, பழைய ஆளும் புது ஆள்தான். ரெண்டு பேரும் புதுசா வீடு தேடுவாங்க.

3. நேரா விடாதீங்க. ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வச்சு அதே தொட்டியில் சில நாள் தொங்க விடுங்க. பார்க்கலாம், கடிக்க முடியாது. ஆத்திரம் அடங்கினதும் திறந்து விடலாம்.

4. விளக்கை அணைச்சுட்டு, பழைய மீனுக்கு வயிறு நிறையச் சாப்பாடு போட்டுட்டு விடுங்க. நான் ட்யூப்லைட்டைப் போட்டு, நாலு பேரைக் கூப்பிட்டு, பட்டினி மீன் முன்னால் விட்டேன். அந்தத் தப்பு வேண்டாம்.

5. ஒரே இனம், ஒரே நிறம், ஒரே உருவத்தில் ரெண்டு வேண்டாம். கோமாளி ஜோடி வேணும்னா ஒண்ணு பெரிசு, ஒண்ணு சிறிசா, ரெண்டையும் இளசா, ஒரே நாளில் விடுங்க. யார் தலைவின்னு அதுங்களே முடிவு பண்ணிக்கும்.

6. ஒளிய இடம் நிறைய வேணும். ஒரு மூலையில் நின்னா இன்னொரு மூலை தெரியாத மாதிரி கல்லை அடுக்குங்க.

7. சண்டை மிஞ்சினா அடி வாங்கினவனை இல்லை, அடிச்சவனை வெளியே எடுங்க. ஒரு வாரம் வேறு தொட்டியில் இருந்துட்டு வந்தா, 'என் வீடு'ன்ற திமிர் பாதி குறைஞ்சிருக்கும்.

8. அபாய மணி எது? துடுப்பு கிழியறது, தண்ணி மேல்மட்டத்து மூலையிலேயே நிக்கிறது, சாப்பிட வராதது. இதில் ஒண்ணு தெரிஞ்சாலும் அன்னிக்கே பிரிச்சிடுங்க. "பழகிடும்"னு காத்திருந்தவன் நான்.

இத்தனையும் செஞ்சாலும் டோமினோ மாதிரி மீனுக்கு ரெண்டடித் தொட்டி ஆகவே ஆகாது. அதை வளர்த்தே தீரணும்னா பெரிய தொட்டி, கூட இருக்கிறதும் அதே அளவு முரட்டு மீன். இல்லையா, அதைக் கடையிலேயே ரசிச்சுட்டு வந்துடுங்க.

உப்புத்தண்ணி கணக்கு

கடல்தண்ணியில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. 70 லிட்டர் தொட்டின்னா கிட்டத்தட்ட இரண்டரை கிலோ. சமையல் உப்பு இல்லை சாமி! அக்வேரியத்துக்குன்னே செய்யற கடல் உப்புக் கலவை. ஆர்.ஓ. தண்ணியில் கரைச்சு, உப்பு மீட்டரில் அளவு பார்க்கணும். தண்ணி ஆவியாகும், உப்பு ஆவியாகாது. அதனால் குறைஞ்ச தண்ணிக்கு நல்ல தண்ணிதான் ஊத்தணும். உப்புத்தண்ணி ஊத்தினா நாளுக்கு நாள் ஊறுகாய் ஆயிடும்.

அடுத்தது, தண்ணி 'செட்' ஆகிற விஷயம். மீன் கழிவில் வர்றது அம்மோனியா. அது விஷம். அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டா மாத்தும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை வந்து நைட்ரேட்டா மாத்தினா ஆபத்து குறையும். இந்த பாக்டீரியா படை வளர 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை 'கெட்டி மீனை' விட்டுச் சமாளிக்கிறது பழைய பழக்கம். என் டோமினோ அந்த அஞ்சு வாரமும் ராஜபோகத்தில் இருந்ததா நினைச்சேன். நிஜத்தில் அது விஷத்தில் மூச்சு விட்டுக்கிட்டு இருந்திருக்கு. சாகலைன்றதால் வலிக்கலைன்னு அர்த்தம் இல்லையே! மீனே இல்லாம, ஒரு சின்ன இறால் துண்டை மட்டும் போட்டு அழுக விட்டாலே பாக்டீரியா வளரும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டின பிறகுதான் மீன்.

வெயில் இன்னொரு வில்லன். தண்ணி 25-லிருந்து 27 டிகிரிக்குள் இருந்தா நல்லது. மே மாசத்தில் நம்ம ரூமே அதைத் தாண்டிடும். சில்லர் வாங்க வசதி இல்லைன்னா, தண்ணிமேல் காத்து படற மாதிரி ஒரு ஃபேன். கரன்ட் போனா பேட்டரியில் ஓடற ஏர் பம்ப் ஒண்ணு கட்டாயம்.

வாங்கும் முன்னால்...

பவளம் இந்தியாவில் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிரினம். அதை உடைச்சு எடுக்கிறதும் விற்கிறதும் 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கடல் குதிரைக்கும் அதே சட்டம்தான். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே இருக்கிற 21 தீவுகளும் சேர்ந்ததுதான் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா. அங்கிருந்து பெயர்த்த பவளக் கல் நம்ம ஹாலில் அலங்காரமா உட்காரக் கூடாது. செயற்கைக் கல், பீங்கான் கல் போதும். மீனுக்குத் தேவை பொந்துதான்.

மீன் எங்கிருந்து வந்ததுன்னும் கேளுங்க. சில நாடுகளில் பவளப்பாறையில் சயனைடு அடிச்சு மீனை மயக்கிப் பிடிக்கிற பழக்கம் 1960-களில் பிலிப்பைன்ஸில் ஆரம்பிச்சது. மீனும் சீக்கிரம் சாகும், பாறையும் சாகும். டோமினோ பெரும்பாலும் கடலில் பிடிச்சதுதான். ஆனா கோமாளி மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைக்கலாம். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி மையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் அதைச் செஞ்சு காட்டியிருக்காங்க. கடலையே பார்க்காத அந்தக் குட்டிகள் தொட்டி வாழ்க்கைக்குச் சீக்கிரம் பழகும். கடையில் "ப்ரீட் பண்ணதா, பிடிச்சதா?"ன்னு ஒரு கேள்வி கேளுங்க, போதும்.

கடைசியா ஒரு கணக்கு. கோமாளி மீன் நல்லா பார்த்துக்கிட்டா 20 வருஷம்கூட இருக்கும். நீங்க டிகிரி முடிச்சு, வேலைக்குப் போய், கல்யாணம் ஆகி, உங்க பிள்ளை ஸ்கூலுக்குப் போகும்போதும் அது இருக்கலாம். செமஸ்டர் லீவில் யார் சாப்பாடு போடுவாங்க? வேற ஊரில் வேலை கிடைச்சா யார்கிட்ட விடுவீங்க? இதுக்குப் பதில் இருந்தா மட்டும் பர்ஸைத் திறங்க.

சரி, என் டோமினோ என்ன ஆச்சு? "மெரினாவில் கொண்டு போய் விட்டுடு, புண்ணியம்"னு அப்பா சொன்னார். பைகூட எடுத்துட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சது, பவளப்பாறை மீனை மணல் கடற்கரையில் விடறது புண்ணியம் இல்லை, ஒளிய ஒரு பொந்துகூடக் கிடைக்காது. தொட்டியிலிருந்து நோயும் கடலுக்குப் போகலாம். விசாரிச்சு விசாரிச்சு, ஆறடித் தொட்டி வச்சிருந்த ஒரு அண்ணன்கிட்ட கொடுத்தேன். பெரிய பெரிய மீனெல்லாம் இருந்த தொட்டி அது. கடைசி ஆளா உள்ளே போன நம்ம தாதா, ஒரு கல்லுக்கு அடியில் புகுந்து ரெண்டு நாள் வெளியே தலைகாட்டலை.

ஒரு மாசம் கழிச்சுப் பார்க்கப் போனேன். அதே கல் முன்னாடி நின்னுக்கிட்டிருந்தது. ஒரு பெரிய மீன் கிட்ட வந்தது. டோமினோ பாய்ஞ்சது. பெரிய மீன் விலகி, மூணடி தள்ளிப் போயிடுச்சு. டோமினோ திரும்பித் தன் கல்லுக்கு வந்துடுச்சு.

அவ்வளவுதான் சண்டை.

என் ரெண்டடித் தொட்டி இப்பவும் வீட்டில் இருக்கு. அம்மா அதில் மணி பிளான்ட் வச்சிருக்காங்க.